உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்

என் கடை மேஜையில் மூடி தொலைந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. டிவி, டிவிடி பிளேயர், ஹோம் தியேட்டர், மிக்ஸி என்று வந்தவற்றின் வயிற்றிலிருந்து நான் எடுத்த சாமான்கள் அதற்குள் கிடக்கின்றன. கோலிக்குண்டு ஏழு, ஒரு ரூபாய் நாணயங்கள், ஹேர்பின், சோழி, பாதிப் பென்சில், யாரோ ஒரு பிள்ளையின் பால் பல், முருகன் டாலர் ஒன்று, அப்புறம் மீசை வைத்த ஒருவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோக்காரர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. டிவிடி பிளேயரின் தட்டுக்குள் அவர் எப்படிப் போனார் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை.

செங்கோட்டையில் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ரேடியோ, டெக், டிவி, செட்டாப் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, செல்போன் என்று எது கெட்டாலும் பார்த்தாயிற்று. சரி பண்ணுவது என் வேலை. கொண்டு வருவது உங்கள் வேலை. அந்த இரண்டாவது வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்றுதான் இதை எழுதுகிறேன். செய்தால் உங்களுக்குக் காசு மிச்சம். எனக்குக் கொஞ்சம் நல்ல கதைகள் குறையும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு. 2018இல் அகல ரயில் பாதை வந்ததிலிருந்து தென்மலையிலிருந்தும் புனலூரிலிருந்தும் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ஆகவே என் கடையில் பாதிப் பேர் தமிழில் பொய் சொல்வார்கள், மீதிப் பேர் மலையாளத்தில். "நான் ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி, தானா நின்னுட்டு." "ஞான் ஒந்நும் செய்தில்ல சேட்டா, தன்னே நிந்நு போயி." வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான்.

பாஷை புரியாத கஷ்டமும் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆரியங்காவிலிருந்து ஓர் அம்மா மிக்ஸியை மேஜையில் வைத்து, "மோனே, மிக்ஸி அடிச்சு போயி" என்றார். பையன் பதறிப்போய், "யாரும்மா அடிச்சா?" என்று கேட்டான். அந்த அம்மாவுக்கு அவன் கேட்டது புரியவில்லை. அவனுக்கு அவர் சொன்னது புரியவில்லை. மலையாளத்தில் அடிச்சு போயி என்றால் கெட்டுப்போனது, எரிந்துபோனது என்று அர்த்தம் என நான் வந்து சொன்ன பிறகும், அவன் அந்த வீட்டுக்காரர் மேல் ஒரு சந்தேகத்தோடேயே இருந்தான்.

அந்த மிக்ஸிக்கு ஒரு பைசா செலவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டால், கையில் தூக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், திருகை பூஜ்யத்தில் வையுங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பிலோ கறுப்பிலோ சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். மோட்டார் தாங்க முடியாத அளவுக்கு நீங்கள் எதையாவது திணித்தால் அது தானாக வெளியே துள்ளி கரண்டைத் துண்டித்துவிடும். ஐந்து பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை உள்ளே அமுக்கினால் மிக்ஸி ஓடும். ஜாரில் போட்டதைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். விரலி மஞ்சளை முழுசாகப் போட்டு அரைக்கப் பார்த்தவர்கள் யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஜாரின் மூலையில் இருக்கிற மஞ்சள் சொல்லிவிடும்.

இந்தப் பட்டனை அமுக்குவதற்குக் காசு வாங்கலாமா என்று ஆரம்பத்தில் யோசித்தேன். உள்ளூர்க்காரர்களிடம் வாங்குவதில்லை. புனலூரிலிருந்து ரயிலேறி வந்தவரிடம் வாங்காவிட்டால் அவருக்கே நம்பிக்கை வராது. "பைசா வேண்டே? அப்போ நந்நாயிட்டில்ல" (காசு வேண்டாமா, அப்போ சரியாகல) என்று சந்தேகப்படுவார். அவருக்காக ஒரு ஸ்குரூவைக் கழற்றி மாட்டி இருபது ரூபாய் வாங்கிக்கொள்வேன். அவருக்கும் நிம்மதி.

மிக்ஸியோடு ஜாரையும் கொண்டு வாருங்கள். கோளாறு பாதி நேரம் ஜாரின் அடியில் இருக்கும் பிளேடு புஷ்ஷில்தான் இருக்கும். கழுவிவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்ட நிலையில் ஜாரை அப்படியே கொண்டுவந்தார். காலை எட்டரை மணி. வீட்டில் தோசைக்கல் அடுப்பில் இருக்கிறதாம். "அண்ணாச்சி, அப்படியே இங்கன வச்சு ஒரு சுத்து சுத்திக் குடுத்துருங்களேன்" என்றார். சுற்றிக் கொடுத்தேன். கடை முழுக்க அன்று பச்சை மிளகாய் வாசனை.

இண்டக்‌ஷன் அடுப்பு கீக் கீக்கென்று கத்துகிறது, சூடாகவில்லை என்றால் அடுப்பை விடுங்கள், பாத்திரத்தைப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிற காந்த பொம்மையை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். ஒட்டாவிட்டால் அந்தப் பாத்திரம் அந்த அடுப்புக்கு ஆகாது. அலுமினியச் சட்டியும் செம்புக் குடமும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன் மேல் காயாது. இதற்காக அடுப்பைச் சுமந்து வருபவர்கள் ஒருபோதும் அந்தப் பாத்திரத்தைச் சுமந்து வருவதில்லை. என் கடையில் இருக்கிற இரும்புச் சட்டியில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும். "இங்க வந்தா மட்டும் ஒழுங்கா வேல செய்யுது பாருங்க" என்று அடுப்பைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். சீலிங் ஃபேனுக்குச் சாதாரணமாக 2.5 மைக்ரோ ஃபாரட். சின்னச் செலவு. இதற்காக ஃபேனைக் கழற்றி, மூன்று இறக்கையோடும் பஸ்ஸில் கொண்டு வர வேண்டாம். கொண்டு வந்திருக்கிறார்கள். கண்டக்டர் இறக்கைக்கும் டிக்கெட் கேட்டதாகச் சொன்னார்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் கேமரா உள்ள போனை எடுங்கள். முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கில் இருக்கிற சின்ன பல்பை அதற்குக் காட்டி ஏதாவது பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் ஊதாவாக மினுங்கும். மினுங்கினால் ரிமோட்டில் உயிர் இருக்கிறது, டிவி பக்கம்தான் பார்க்க வேண்டும். பின்பக்கக் கேமரா பல போன்களில் அந்த வெளிச்சத்தை வடிகட்டிவிடும். அதைப் பார்த்து ரிமோட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரி வைக்கும் இடத்தில் உப்புப் பூத்தாற்போல் இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. சாதாரண பேட்டரியில் வெளியே இருக்கிற துத்தநாகத் தகடே கரைந்து மெலிந்து ஓட்டையாகும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைக் காது குடையும் பட்ஸில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம். மேலே ஆல்கலைன் என்று போட்ட பேட்டரி என்றால் சோடாவுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் புது பேட்டரி.

குற்றாலத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து ஒரு சீசனில் நாலு ரிமோட் ஒன்றாக வந்தது. மூன்றில் பேட்டரி. நாலாவதில் பல் தடம். குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தூக்கிப்போய், மாடிச் சுவரில் உட்கார்ந்து எண் பட்டனை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்திருக்கிறது. மியூட் பட்டன் மட்டும் உசிரோடு இருந்தது.

வெளியே பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. இனி உள்ளே.

இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். சுவர் வியர்க்கும், துணி காயாது. அப்போது வீட்டிலேயே காய்ந்த, கதகதப்பான இடம் எது? செட்டாப் பாக்ஸின் உள்பக்கம். டிவியை அணைத்தாலும் அது அணைவதில்லை, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். எறும்புக்கு இது தெரியும். பல்லிக்கும் தெரியும். கரப்பானுக்கு நம்மைவிட முன்னாலேயே தெரியும். மலைக்கு அந்தப் பக்கத்தில் எறும்பை உறும்பு, கரப்பானைப் பாற்ற என்பார்கள். பெயர்தான் மாறுகிறது, குடித்தனம் ஒன்றே.

எறும்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சில வகை எறும்புகள் ஷாக் அடித்துச் சாகும்போது ஒரு வாசனையை விடும். அந்த வாசனைக்குக் கூட்டாளிகள் ஓடிவரும். வந்தவையும் அதே இடத்தில் செத்து, அவையும் வாசனை விடும். ரிலே என்கிற, கரண்டில் இயங்கும் சுவிட்ச் ஒன்றைத் திறந்தால் இரண்டு முனைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு தலையணை மாதிரி எறும்புப் பிணம் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஸ்விட்ச் ஒட்டவில்லை.

இதற்கு மருந்து அடிக்காதீர்கள். பூச்சி ஸ்பிரேயில் எரியக்கூடிய சமாச்சாரம் இருக்கிறது. உள்ளே போனால் பிசுபிசுவென்று படியும், தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். பிளக்கைப் பிடுங்கி, வெளித் திண்ணையில் பழைய பேப்பரை விரித்து, பெட்டியை அதன் மேல் வைத்து, பக்கவாட்டில் கையால் மெதுவாகத் தட்டுங்கள். சூடு அடங்கினால் அவையே கிளம்பும். ஒரு ராத்திரி விட்டால் பாதிக் குடித்தனம் காலி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இறுக்கக் கட்டிய பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டு வந்து, என் மேஜை மேல் அவிழ்க்காதீர்கள். ஒரு தடவை அப்படி அவிழ்த்ததில் அந்த செட்டாப் பாக்ஸ் எறும்புகள் பக்கத்தில் இருந்த வேறொருவரின் மோடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

லட்டு டப்பாவுக்குச் செய்வது மாதிரி ஒருவர் செய்து பார்த்தார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் செட்டாப் பாக்ஸை வைத்திருக்கிறார். எறும்பு வரவில்லை. மூன்றாம் நாள் பூனை வந்தது. நனைந்த பெட்டியோடு வந்து, "எறும்புக்குச் செஞ்ச வைத்தியம்" என்று உண்மையைச் சொன்ன ஒரே மனுஷர். அவரிடம் பாதிக் கூலிதான் வாங்கினேன்.

பல்லி இரண்டிரண்டாக முட்டையிடும். பட்டாணி அளவு, வெள்ளை, ஓடு கெட்டியாக இருக்கும். டிவியின் பின்மூடியைத் திறந்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துப் பழைய ஸ்குரூ டப்பாவில் போட்டு வைத்தேன் ஒரு தடவை. சில வாரம் கழித்து ஸ்குரூ எடுக்கக் கை விட்டபோது விரலில் ஏதோ ஊர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பல்லிக் குடும்பம் என் கடையில்தான் இருக்கிறது. பெரிய பல்லி வேறு கதை. மோட்டார் ஸ்டார்ட்டர், ஏசி வெளி யூனிட், இன்வெர்ட்டர் இவற்றில் கரண்ட் உள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே அது ஒரு பாலம் போட்டுவிட்டால் அதுவும் போச்சு, போர்டும் போச்சு.

குழந்தைகள் இருக்கிற வீடா? ஹோம் தியேட்டரின் பெரிய பெட்டி இருக்கிறதே, சப்வூஃபர், அதில் உருண்டையாக ஒரு ஓட்டை உண்டு. காற்று போய்வர வைத்தது. பிள்ளைகளுக்கு அது உண்டியல். சவுண்டு கரகரவென்கிறது என்று தேன்பொத்தையிலிருந்து வந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினோம். ஸ்பூன் மூன்று, பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு, ஒரு செருப்பு (இடது கால், பொம்மையுடையது), பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, கடைசியாக நாலாக மடித்த கணக்குப் பரீட்சைத் தாள். மார்க்கை நான் சொல்ல மாட்டேன். அப்பா கையெழுத்து வாங்கச் சொல்லி டீச்சர் எழுதியிருந்தார். அப்பா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பையன் அவர் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தாளை ஸ்பூனுக்கு அடியில் தள்ளினேன். தொழிலில் இதுவும் உண்டு.

ஆக, கொண்டு வருமுன் கவிழ்த்து ஒரு குலுக்கு குலுக்குங்கள். உள்ளே கடகடவென்றால் என்ன போட்டான் என்று வீட்டில் சின்னவனைக் கேளுங்கள். அடிக்காமல் கேட்டால் சொல்வான்.

பெரியவர்களும் போடுவார்கள் என்பதை 2019இல் தெரிந்துகொண்டேன். புளியரையிலிருந்து ஓர் ஆச்சி, கணவர் காலத்து மரப்பெட்டி ரேடியோவைப் பேரனின் பைக்கில் வைத்துக் கொண்டு வந்தார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். ஒரு காலத்தில் அந்த வீட்டில் இலங்கை வானொலியில்தான் பொழுது விடியும். இப்போது சுவிட்சைப் போட்டால் ம்ம் என்று முனகல் மட்டும். பின் அட்டையைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால், காந்தத்துக்கும் மரத்துக்கும் இடையில், வேட்டிக் கிழிசலில் சுற்றிய ஒரு பொட்டலம். நூலை அவிழ்த்தால் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு. பழைய நோட்டு. 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று அறிவித்தார்களே, அது. பேங்க் கணக்கில் கட்ட அந்த டிசம்பர் 30 வரை நேரம் இருந்தது. அவருக்கு அப்போது உடம்பு முடியாமல் இருந்திருக்கிறது. சொல்ல மறந்தாரா, சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரா தெரியாது.

ஆச்சி நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு சிரித்தார். "எங்கிட்ட காப்பித்தூளுக்குக் காசு இல்லன்னு சொல்லுவாக" என்றார். நோட்டை அதே கிழிசலில் சுற்றி, அதே மாதிரி முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார். "அவுக வச்ச எடத்துலயே வச்சு மூடிரு தம்பி." ஃபில்டர் கெபாசிட்டர் இரண்டு மாற்றினேன், முனகல் போயிற்று. பொட்டலம் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய ரேடியோ இருந்தால், அதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் பின் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

அந்தப் பிளக் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், விளையாட்டு இல்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் ஒன்றிரண்டு வருகிறது. அந்தக் குழாய் டிவியின் பின்மூடியை நீங்கள் திறக்காதீர்கள். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கின பிறகும் பிக்சர் டியூபில் கரண்ட் தேங்கியிருக்கும். ஓடும்போது அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கிற சமாச்சாரம். மைக்ரோவேவ் அதைவிட மோசம். அதன் கெபாசிட்டர் ஆளையே கொல்லும். காய்கறிக் கத்தியால் ஸ்குரூவைத் திருகி உள்ளே தூசி துடைக்கப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

உப்பிய போன் பேட்டரியும் அப்படித்தான். போனின் முதுகு தூக்கிக்கொண்டு, மேஜையில் வைத்தால் ஆடினால், சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். ஒருவர் மூடி பொருந்த வேண்டும் என்று ராத்திரி முழுக்க அம்மிக்குழவியை மேலே வைத்திருந்து, காலையில் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராகப் போட்டுக்கொண்டு வந்தார். நான் மணல் வாளியைத் தேடி ஓடினேன். அவர் "என்ன அண்ணாச்சி அவசரம்?" என்கிறார். அணைத்து, ஒரு தகர டப்பாவில் போட்டு, தீப்பிடிக்கிற சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாமல் கொண்டு வாருங்கள்.

தண்ணீரில் விழுந்த போன் என் கடைக்கு சீசன் வியாபாரம். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே விழுந்தது என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சிலர் போன் தண்ணீரில் மட்டும் விழுந்திருக்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வழுக்கும் கையில் போனைப் பிடித்து செல்ஃபி எடுத்து, எண்ணெயோடு விழுந்திருக்கும். ஸ்பீக்கர் வலைக்குள் நல்லெண்ணெய் புகுந்தால், பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். திறந்து, ஐபிஏ என்கிற சுத்தம் செய்யும் ஆல்கஹாலால் இரண்டு தடவை கழுவினாலும் கடை அன்று முழுக்க தீபாவளிக் காலை மாதிரி மணக்கும்.

விழுந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தில் கரண்ட் ஓடினால்தான் போர்டு சீக்கிரம் அரித்துப்போகும். சார்ஜரை ஒரு நாளும் சொருகாதீர்கள். சிம் தட்டை வெளியே எடுங்கள், துணியால் துடையுங்கள், சார்ஜ் ஓட்டை கீழே பார்க்க வைத்து லேசாகத் தட்டுங்கள், ஃபேன் காற்றில் வையுங்கள். அன்றைக்கே கொண்டு வாருங்கள். கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே என்பதை இப்போதே என்று படியுங்கள்.

அரிசியில் போடாதீர்கள். ஆப்பிள் கம்பெனியே 2024இல் அரிசிப் பையில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தவிடும் நொய்யும் உள்ளே போய்ச் சேரும் என்பதுதான் காரணம். நான் இதைச் சொன்னால், "பச்சரிசியா, புழுங்கலரிசியா?" என்று கேட்கிறார்கள். எதுவும் வேண்டாம் அம்மா. என் ஊசியால் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நெம்பி எடுத்த குருணையைப் பார்த்தே போன் மலைக்கு எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடுவேன். வெள்ளையாக, ஒல்லியாக இருந்தால் தென்காசிப் பக்கம். சிவந்து தடித்திருந்தால் மட்டை அரிசி, புனலூர். ஒரே ஒரு தடவை உளுந்து வந்தது. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டதாம்.

ஐப்பசி இடிக்கு இன்னொரு வரி. இடி இடிக்கும்போது டிவியின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். இங்கே மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் இரண்டு ஆண்டெனா நின்றது. ஒன்று கொடைக்கானலைப் பார்த்து, ஒன்று திருவனந்தபுரத்தைப் பார்த்து. இரண்டு மாநிலத்து இடியையும் வாங்கிக் கொடுத்த வீடுகள் அவை. இடி தவிர, தெருவில் நியூட்ரல் ஒயர் அறுந்தாலும் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரை ஏறும். அப்போது உள்ளே நாணயம் மாதிரி நீலமாக ஒரு பாகம் வெடித்து, ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போகும். அது தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். அன்று தெருவில் எத்தனை வீட்டில் என்னென்ன போனது என்று விசாரித்துக்கொண்டு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரிய டிவியைக் கொண்டு வருவதைப் பற்றி. எல்இடி டிவியைப் படுக்க வைக்காதீர்கள், கண்ணாடிப் பக்கத்தில் கை வைத்து அழுத்தாதீர்கள். போர்வையில் சுற்றி, நிற்க வைத்து, ஆட்டோவில். பைக்கில் பின்னால் உட்கார்ந்து மச்சானைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். வீட்டில் கிளம்பும்போது சவுண்டு மட்டும் இல்லை. கடைக்கு வந்தபோது சவுண்டும் இல்லை, படமும் இல்லை. ஆன் பண்ணிப் பார்த்தால் திரையில் அவருடைய தோள்பட்டை எலும்பு எங்கே பட்டதோ அங்கிருந்து சிலந்தி வலை. சவுண்டு போனதற்குக் காரணம்? மியூட்.

போனைக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட், அடாப்டர் இருந்தால் கூடவே கொடுங்கள். ரிமோட்டுக்குப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் உறையையும் ரப்பர் பேண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் சந்தோஷம். "எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்காதீர்கள். திறக்காமல் சொன்னால் இரண்டு பேரில் ஒருவருக்கு நஷ்டம், அது நானாக இருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும்விட ஒன்று செய்யுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள். என்றைக்கு நின்றது, நிற்கும்போது என்ன சத்தம், என்ன வாசனை, அதற்கு முன் யார் அதை என்ன செய்தார்கள், அதற்குப் பின் நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள். கீழே விழுந்தால் விழுந்தது என்று எழுதுங்கள். நான் உங்கள் மாமியாரிடம் சொல்லப் போவதில்லை. ஒரு சீட்டு ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூடக் காகிதத்தில் உண்மையை எழுதிவிடுகிறார்கள்.

எனக்கு வந்ததிலேயே நல்ல சீட்டு எது என்றால், போன வருஷம் வந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், கையடக்க ரேடியோ. "தானா நின்னுட்டு. நல்ல ரேடியோ. யாரும் தொடல" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போனார். கூடவே ஒரு பேத்தி, ஆறாம் வகுப்பு இருக்கும், ஒன்றும் பேசாமல் நின்றாள். அவர்கள் போன பிறகு பேட்டரி மூடியைத் திறந்தேன். பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவே ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டு, நாலாக மடித்து. பென்சிலில் எழுதியிருந்தது:

"தாத்தா காபி கொட்டிட்டாங்க. சீனி போட்ட காபி. சுகர் இருக்கறதால ஆச்சிக்குத் தெரியாமக் குடிச்சாங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

போர்டில் காபி பாகு மாதிரி காய்ந்திருந்தது. எறும்பும் வந்திருந்தது. கழுவி, வால்யூம் கண்ட்ரோலை மட்டும் மாற்றினேன். மறுநாள் வாத்தியார் ஆச்சியோடு வந்தார். என்ன கோளாறு என்று ஆச்சிதான் கேட்டார். தூசி என்று சொல்லி, பில்லிலும் தூசி என்றே எழுதினேன். அந்தச் சீட்டு இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில், மீசைக்காரர் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.